சோற்றுக் கைக்கு ஒரு கோடாலி

என் வீட்டுக்காரருக்குக் கோடாலி வாங்கப் போகிறேன் என்று சொன்னால், பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதனால் எங்கள் ஜீவனஹள்ளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு சிவாஜிநகருக்கு ஆட்டோ பிடித்தேன்.

ஆனேக்கல் பக்கம் எங்களுக்கு ஒரு சைட் இருக்கிறது. வீடு கட்டுவதை நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததில் சூபாபுல் மரங்கள் அங்கே குடியேறிவிட்டன. வெட்ட வெட்ட முளைக்கிற ஜாதி. பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலையில் இருந்தபோதே அவர் ஞாயிறு தவறாமல் அங்கே போய், கை பருமனுக்கு வளர்ந்த மரங்களைச் சாய்த்துவிட்டு வருவார். சாய்த்ததில் நல்ல துண்டாக ஒன்றை எடுத்து அங்கேயே உட்கார்ந்து கரண்டி செதுக்குவார். என் சமையலறையில் இருக்கும் மரக்கரண்டி அத்தனையும் அவர் கைவேலைதான். தோசைத் திருப்பி மட்டும் கொஞ்சம் கோணல். அதைச் சொன்னால் இரண்டு நாள் பேசமாட்டார்.

எட்டு மாதத்துக்கு முன் ஓசூர் ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தார். தோளில் நரம்பு நசுங்கி வலது கையில் பலம் போய்விட்டது. ஒரு பொருளை அசையாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஓங்க வராது. பழைய பெரிய கோடாலி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை என்பதைவிட, அதைப் பற்றிப் பேசவே இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கையை எப்படியாவது பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். தைலம், ரப்பர் பந்து, காலையில் இருபது தடவை மாலையில் இருபது தடவை. இடது கையால் டம்ளரை நீட்டினால் வாங்கவே மாட்டேன். "நொட்டாங்கைய எடுங்க" என்று சுள்ளென்று விழுவேன். எங்கள் வீட்டில் இடது கையால் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. அதோடு, இந்தக் கை பழகிவிட்டால் அந்தக் கை சோம்பேறியாகிவிடும் என்று எனக்கு ஒரு கணக்கு. கையில் அடங்குகிற சின்னக் கோடாலி ஒன்று இருந்தால், ஆசையிலேயே வலது கை தானாக எழும் என்று நினைத்தேன்.

சிவாஜிநகர் இரும்புக் கடைக்காரர் மூன்று கோடாலிகளை எடுத்து வைத்தார். முதலாவதை என்னாலேயே தூக்க முடியவில்லை. இரண்டாவது தேங்காய் உடைக்கத்தான் லாயக்கு. மூன்றாவதன் தலை உள்ளங்கையில் பாந்தமாக உட்கார்ந்தது. அளவுக்கென்று கொண்டுபோயிருந்த அவருடைய சட்டையைப் பையிலிருந்து எடுத்து, கைப்பிடியை அதன் கை நீளத்தோடு வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"மரம் சாய்க்கவா மேடம், செதுக்கவா?"

"ரெண்டுக்கும்தான்."

"ரெண்டுக்கும் ஒண்ணேன்னா சொல்ப கஷ்டம். சாய்க்கறதுக்கு ரெண்டு பக்கமும் சாணை வேணும். செதுக்கறதுக்கு ஒரு பக்கம் தட்டையா இருக்கணும், அப்பதான் மரத்த ஒட்டி இறங்கும். சின்ன மரம்தானே? ஒரு பக்கச் சாணையே போதும், போட்டுத் தர்றேன். அவுரு எந்தக் கை?"

"சோத்துக் கைதான். வேற எந்தக் கை?" என்றேன். அந்த மனுஷனிடம் எதற்கு அத்தனை வேகம் என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டில் அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. விரலால் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே சைட்டுக்குப் போனோம்.

அங்கே போனதும் அவர் கோடாலியை இடது கையில் எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு வெட்டு, எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு. கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது, ஆனால் புதுக் கை இல்லை. ஏழெட்டு வெட்டில் மரம் சாய்ந்தது.

"என்னங்க இது, எப்ப பழகினீங்க?"

"நாலு மாசமாச்சு. நீ கோயிலுக்குப் போற நேரத்துல மாடியில, அரிவாள வச்சு."

சாய்ந்த மரத்தில் ஒரு துண்டை நறுக்கி, கல்லின் மேல் நிறுத்தி, வலது கையால் பிடித்துக்கொண்டு செதுக்க ஆரம்பித்தார். கோடாலி மரத்தில் இறங்காமல் வழுக்கி வெளியே ஓடியது. இன்னொரு தடவை, மறுபடியும் ஓடியது. அலகைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"சோத்துக் கைக்குச் சாணை போட்டிருக்கான். நொட்டாங்கையில புடிச்சா தட்டைப் பக்கம் வெளிய போயிடுது."

"நான்தான் அப்படிக் கேட்டேன்."

கோடாலியைக் கீழே வைத்தார். "டாக்டர் எங்கிட்ட நாலு மாசம் முன்னாலயே சொல்லிட்டாரு. இந்தக் கையில இதுக்கு மேல பலம் வராதாம். நீ தெனமும் தைலத்த எடுத்துக்கிட்டு வந்து நிப்பியா, எனக்குச் சொல்ல மனசு வரல."

நான் அவர் கையைத் தேற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவர்தான் என்னைத் தேற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் எனக்குப் பயந்து, திருடனைப் போல மாடியில் ஒளிந்து பழகியிருக்கிறார் என்று நினைத்தபோது அழுகையும் வந்தது. நல்லவேளை, அவர் கிளைகளைக் கழிக்கத் திரும்பிவிட்டார்.

மறுநாள் இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். நொட்டாங்கைக்கு மாற்றித் தர முடியுமா என்று அவரே கேட்டார். கடைக்காரர் அலகைப் புரட்டிப் பார்த்தார்.

"போட்டுடலாம் சார். ஆனா இந்தப் பக்கம் ஏற்கெனவே தேஞ்சிருக்கு. அந்தப் பக்கமும் தேய்ச்சுட்டா, அப்புறம் பழையபடி சோத்துக் கைக்கு மாத்த இரும்பு பத்தாது. யோசிச்சு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை, நான் சொல்வதற்குத்தான் காத்திருந்தார். சாணைச் சக்கரத்தின் மேல் கை வைத்தபடி கடைக்காரரும் காத்திருந்தார்.

"மாத்திடுங்க" என்றேன்.