சாராயக் கடை வாசலில் ஒரு கோலம்

வங்காளத்தில், துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் நாங்கள் குடியிருந்த காலத்தில், எட்டு வயது நிரம்புவதற்குள் எனக்கு வீட்டில் ஓர் உத்தியோகம் வாய்த்திருந்தது. நான் துபாஷி. அப்பா பகல் முழுவதும் கம்பெனி ஆபீஸில் இருப்பார். அம்மாவுக்கும் சித்திக்கும் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. பால்காரனோ, வண்ணானோ, தண்ணீர் சுமப்பவனோ, வாசலில் வந்து நின்ற எவரும் என் வாய் வழியாகத்தான் உள்ளே பேச முடியும். தெருவில் கற்ற வங்காளமும் பள்ளியில் கற்ற ஆங்கிலமும் என்னிடம் பிழையின்றி இருந்தன. பின்னாளில் முறையாகக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: அன்றைய என் மொழிபெயர்ப்பில் ஒரு சொல் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

அந்த நாட்களில் ஓர் அமெரிக்கப் பெண்மணி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் சித்திக்கும் கம்பளிப் பின்னல் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் அவரை மேம்சாகேப் என்போம். மதம் பேசக் கூடாது, முன்னறையைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனைகளின்பேரில் அப்பா சம்மதித்திருந்தார். அம்மாவும் ஆட்சேபிக்கவில்லை, கம்பளிக்குத் தீட்டில்லை. அவர் போன பிறகு நாற்காலி மட்டும் கழுவப்படும்.

மேம்சாகேப் நிபந்தனையை மீறியதில்லை. மதத்தைப் பற்றிப் பேசாமல் தம் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். அந்தக் குடும்பத்தில் மதத்தைத் தவிர வேறொன்றும் நடந்ததாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம். அவருடைய தாத்தா மைதானத்தில் கூடாரம் அடித்து நடந்த பிரசங்கத்தைக் கேட்டு, ஊரோடு சேர்ந்து அழுது, மறுநாளே தம் புகையிலையை ஆற்றில் எறிந்தவர். பாட்டியோ, அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதற்காகச் சர்க்கரையை நாவில் வைக்க மறுத்தவர்; தேநீரைக் கசப்பாகவே குடித்து மூப்படைந்தவர்.

"நம்ம பக்கத்தாத்துப் பசங்க சீமைத் துணி வேண்டாங்கறாளே, அந்த மாதிரி" என்றாள் அம்மா. எங்கள் தெரு வங்காளி இளைஞர்கள் அப்போது சீமைத்துணிக் கடைகளின் வாசலில் நின்று, வாங்க வருபவர்களைக் கைகூப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

சித்தி இவற்றையெல்லாம் பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பாள். ஒருநாள் மேம்சாகேப் தம் தாயாரைப் பற்றிச் சொன்னபோதுதான் அவள் ஊசி நின்றது. அந்த அம்மாளும் ஊர்ப் பெண்களும் கொட்டும் பனியில் சாராயக் கடை வாசலில் மண்டியிட்டுப் பாடினார்களாம். கடைக்காரன் அவர்கள்மேல் குளிர்ந்த நீரை வாரி இறைத்தானாம். மறுநாளும் போனார்களாம். கடைசியில் அவனே தன் பீப்பாய்களைத் தெருவில் உருட்டிவந்து கோடரியால் உடைத்தானாம்.

"அந்த அம்மாவோட புருஷன் குடிச்சாரான்னு கேளுடா" என்றாள் சித்தி.

"என்னடீ கேள்வி இது!" என்று அம்மா பதறினாள்.

என் கடமை மொழிபெயர்ப்பது, நான் கேட்டேன். மேம்சாகேப் கம்பளி உருண்டையை மடியில் வைத்துவிட்டு, "ஆம். என் தந்தை" என்றார். சித்தியின் ஊசி மறுபடி ஓடத் தொடங்கியது.

சித்தி அப்படிக் கேட்டதற்குக் காரணம் வீடறிந்தது. சித்தப்பா துறைமுகத்தில் கப்பல் கம்பெனிக் குமாஸ்தா. மற்ற நாட்களில் அவரைப்போல் சாது கிடையாது. சம்பளச் சனிக்கிழமை மட்டும், டிராம் முனையருகே இருந்த சாராயக் கடையில் புகுந்து, தெரு அடங்கியபின் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேருவார். அப்பா வீட்டுக்கு மூத்தவர். ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இனி ஒரு சனிக்கிழமை தம்பி அந்தக் கோலத்தில் வந்தால், சித்தியும் கைக்குழந்தையும் திருவாரூருக்கு ரயிலேற வேண்டியது. அவன் திருந்திய பிறகு அழைத்துக்கொள்ளலாம். திருவாரூரில் சித்தியின் தகப்பனார் காலமாகி, அண்ணன் மனைவியின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அங்கே அனுப்பப்பட்டவள் திரும்பி வருவது எப்போது என்பதை யாரும் பேசவில்லை.

அடுத்த சம்பளச் சனிக்கிழமை துர்க்கா பூஜை முடிந்து லட்சுமி பூஜைக்கு முந்தைய நாளாக அமைந்தது. அன்று பகல் சாப்பாடு முடிந்ததும் சித்தி குழந்தையைத் தூங்கவைத்துப் பக்கத்து வீட்டம்மாளிடம் ஒப்படைத்தாள்.

"அக்கா, வண்டி கூப்பிடச் சொல்லுங்கோ. காளிகாட் கோயிலுக்குப் போயிட்டு வரலாம்."

"காளிகாட்டுக்குக் கோலமாவு எதுக்குடீ?" என்றாள் அம்மா, சித்தியின் கையிலிருந்த டப்பாவைப் பார்த்து.

சித்தி மறைக்கவில்லை. "மண்டி போடறதெல்லாம் அவா வழக்கம். நமக்கு நம்ம வழக்கம் இருக்கு. உங்க மச்சினருக்குக் கால் தப்பும், வார்த்தை தப்பும். வாசக் கோலத்தை மட்டும் என்னிக்காவது மிதிச்சிருக்காரா?"

அது உண்மை. எவ்வளவு தள்ளாடி வந்தாலும் சித்தப்பா கோலத்தைச் சுற்றி ஓரமாகவே படியேறுவார். அம்மா யோசித்தாள். பிறகு, "நான் காளிகாட் போறதாத்தான் வரேன். யார் கேட்டாலும் அதான் சொல்லுவேன்" என்று புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். துபாஷி இல்லாமல் காரியம் நடக்காதாகையால் நானும் ஏறினேன்.

சாராயக் கடை வாசலில் சித்தி ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்து, புள்ளி வைத்து, படியை அடைத்துக் கோலம் போட்டாள். வண்டியோட்டிகளும் கூலிகளும் கூடிவிட்டார்கள். கடைக்காரர், நெற்றியில் சந்தனமிட்ட பருத்த மனிதர், வெளியே வந்து கோலத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

"கோகா, இது என்ன, ஆல்பொனாவா?" என்று என்னைக் கேட்டார். கோகா என்றால் பையா. வங்காளிகள் லட்சுமியை வரவேற்க மாவால் வரைவது ஆல்பொனா. எங்கள் நாட்டிலும் லட்சுமி வீட்டுக்கு வரவேண்டும் என்றுதான் இதைப் போடுவார்கள் என்று நான் விளக்கினேன். அது முற்றிலும் சரியான விளக்கம்.

அவர் கண் கலங்கிவிட்டது. "என் பெண்டாட்டியே இந்த வாசலில் போடமாட்டாள். சாராய வாசலில் மா லோக்கி, லட்சுமித்தாய், கால்வைக்க மாட்டாளாம். புரோகிதர் இந்தப் பக்கமே வருவதில்லை. எங்கிருந்தோ வந்து நீங்கள் போட்டீர்களே, அம்மா!"

"என்னடா சொல்றார்? திட்டறாரா?" என்றாள் அம்மா.

"சந்தோஷப்படறார்" என்றேன்.

சித்தி நிமிர்ந்தாள். "சந்தோஷப்பட இதுல என்ன இருக்கு? இன்னிக்கு இந்தக் கோலத்தைத் தாண்டி ஒருத்தரும் உள்ள போகக் கூடாதுன்னு சொல்லு. சாயங்காலம் வரைக்கும் இங்கேயே உக்காரப் போறோம்னு சொல்லு."

சொன்னேன். "போகவிடுவேனா!" என்று அவர் மார்பில் அறைந்துகொண்டார். விரதம் இருக்கிறார்கள் என்று கூட்டத்துக்கு அறிவித்து, முன்கதவைத் தம் கையால் இழுத்துச் சாத்தினார். எங்களுக்குப் புதுப்பாய் வந்தது. சந்தேஷ் என்ற பால் இனிப்பு ஒரு தட்டு வந்தது. கடைப்பையன் ஏதோ உத்தரவு பெற்றுப் பக்கத்துச் சந்துக்குள் ஓடினான். சிறிது நேரத்தில் கூலிகள் சிலர் கோலத்தைக் கும்பிட்டுவிட்டு அதே சந்துக்குள் போனார்கள். அமெரிக்காவில் பல நாள் பிடித்த காரியத்தை என் வங்காளம் ஒரு பகலில் முடித்துவிட்டது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். சித்தி கண்களை மூடி நாமாவளி பாடத் தொடங்கினாள்.

வெயில் தாழும் வேளையில் சித்தப்பா வந்தார். குடையும் கோட்டுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் முதலில் கோலத்தைப் பார்த்தார். அதை எவள் கை போட்டது என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. பிறகுதான் பாயைப் பார்த்தார்.

"மன்னி! நீங்களுமா?"

"நான் காளிகாட் போறதாத்தான் வந்தேன்" என்றாள் அம்மா, சந்தேஷ் தட்டை நகர்த்திக்கொண்டே.

"குமாஸ்தா பாபு," என்று கடைக்காரர் அன்போடு அழைத்தார், "இன்று இந்தப் பக்கம் இல்லை. சந்துப் பக்கமாக வாருங்கள்."

சித்தப்பா சந்தைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். அவள் கண்ணைத் திறக்கவில்லை; பாட்டு ஓர் அடியிலேயே திரும்பத் திரும்ப நின்றுகொண்டிருந்தது. சித்தப்பா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு கோலத்தைச் சுற்றி ஓரமாக நடந்து பாயருகே வந்து, "எழுந்திரு. குழந்தை அழும்" என்றார்.

மூவரும் அவரோடு வண்டியேறினோம்.

அப்பாவுக்குச் செய்தி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அவர் சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். சாராயக் கடை வாசல், குடும்ப கௌரவம், கம்பெனியில் இனி எப்படித் தலைநிமிர்வது என்றெல்லாம் முடித்து, தெளிந்த கண்ணோடு எதிரே நின்ற தம்பியை ஒருமுறை பார்த்தார். "இவளைத் திருவாரூருக்கு அனுப்பினா, அங்க எந்தக் கடை வாசல்ல போய் உக்காருவாளோ! இங்கேயே இருக்கட்டும்" என்றார். சித்தி இங்கேயே இருந்தாள். இரண்டு பேரன்களைக் கிடர்பூரிலேயே எடுத்தாள். சித்தப்பா அதன்பின் ஒரு சனிக்கிழமையும் வழி தவறவில்லை என்று நான் சொல்லமாட்டேன். தவறிய சனிக்கிழமைகள் குறைவு.

கடை அன்று மூடியிருந்ததாகவே நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன்; சந்துப் பக்கத்துக் கதவு திறந்திருந்தது பிறகுதான் புரிந்தது. சித்தி கண்ணை மூடிக்கொண்டது பக்தியால் என்றும் எண்ணியிருந்தேன். பாயில் அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சந்து வாயில் நேராகத் தெரியும். கூலிகள் உள்ளே போனதை அவளும் கண்டிருப்பாள். தன் புருஷன் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதைப் பார்க்கும் துணிவு மட்டும்தான் அன்று அவளுக்கு இல்லாமல் போயிற்று.

அமெரிக்க மேம்சாகேப் எங்கள் வீட்டுப் பெண்களைக் கடைவீதிக்கு நடத்திச் சென்று ஜபம் செய்வித்தார் என்றும், கடைக்காரர் மனம் மாறித் தொழிலையே விட்டார் என்றும் உறவினர்கள் இன்றுவரை சொல்லிவருகிறார்கள். மேம்சாகேப் அன்று அந்தத் தெருவிலேயே இல்லை. நான் பட்டம் பெற்ற வருஷத்தில் அந்தக் கடைக்கு மாடி கட்டினார்கள்.