பொட்டு வைத்த ரங்கூன் பத்திரிகை

எனக்கு எழுபத்தெட்டு முடிந்துவிட்டது. பெற்றது நான்கு, இறந்துபோன நாத்தனாரின் பிள்ளைகள் இரண்டு, ஆக வளர்த்தது ஆறு. ஆறும் நல்ல உத்தியோகத்தில் இருக்கின்றன. நான் இரண்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் ஒரு பத்திரிகையைக் காப்பாற்றியது எங்கள் தாம்பரத்து வீடு. வேட்டித் துணியில் கட்டிய அந்தக் கட்டு இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது.

என் வீட்டுக்காரரின் அண்ணனை மாமா என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே பர்மாவுக்குப் போனவர். ரங்கூனில் இருந்த தமிழர்களுக்காக ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். எழுதுவதும் அச்சுக் கோப்பதும் அவரேதான். அங்கிருந்து கிளம்ப வேண்டி வந்தபோது மற்றவர்கள் பாத்திரமும் துணியும் கட்ட, இவர் இதழ்களைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார். வேறு யாரிடமும் ஒரு பிரதிகூட இல்லை என்பார்.

எங்களோடு வந்து தங்கிய பிறகு, ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளுக்கும் சந்தனமும் குழைத்த குங்குமமும் வைக்கச் சொல்வார். மேல் தாளுக்கு மட்டும் வைத்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒவ்வொண்ணும் ஒரு வாரம் என்னைத் தூங்க விடலம்மா. ஒண்ணை விட்டா அது கோவிச்சுக்கும்" என்றார்.

நானும் வைத்தேன். வருஷம் ஏற ஏறப் பொட்டின் மேல் பொட்டு விழுந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நூலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கடல் கடந்து போன தமிழர்கள் அச்சடித்ததையெல்லாம் தேடிப்பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. கம்ப்யூட்டரையும் ஸ்கேனரையும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவற்றை மாட்டினோம். மாமா சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் தாளை விரித்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

"ஐயா, செய்தி மேலேயே பொட்டு இருக்கே. படிக்க வந்தாத்தான் ஏத்த முடியும்."

"அப்ப வேணாமா?" என்று மாமா கேட்டார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "பத்திரிகைக்குப் பொட்டு வச்சாச்சு. தாலி ஒண்ணுதான் கட்டலை அண்ணன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பஞ்சை நனைத்துத் துடைத்துப் பார்க்கலாமா என்றேன். தாள் கையோடு வந்துவிடும் என்று அந்தப் பெண் தடுத்துவிட்டாள்.

பிறகு ஏதோ நினைத்தவளாக, "சிவப்பே தெரியாத மாதிரி எடுக்க இதுல ஒரு வழி இருக்கு. பாக்கலாம்" என்று எதையோ மாற்றினாள். கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். திரையில் தாள் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. பொட்டைக் காணோம். குங்குமம் இருந்த இடத்தில் எழுத்துகள் கறுப்பாக, வரிசையாக நின்றன.

மாமா எழுந்துபோய்த் திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உரக்கப் படிக்க ஆரம்பித்தார். புதுசாகத் திறந்த டீக்கடை, தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போட்ட நாடகம், தொலைந்துபோன ஒரு குடை. அவள் அடுத்த தாளை எடுத்தால், "இரும்மா, குடை கிடைச்சுதான்னு பாத்துடறேன்" என்பார். இத்தனை வருஷம் பொட்டு வைத்த தாளில் என்ன இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால் அவள் இதழ்களையெல்லாம் ஏற்றிய சிடி ஒன்றை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போதே, "அம்மா, பொட்டு வச்சா மேல் டப்பாவுக்கு மட்டும் வையுங்க, உள்ள இருக்கிற சிடிக்கு வேணாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். இந்தத் தடவை மாமாவே சிரித்துவிட்டார்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாய். அந்தப் பத்திரிகை உன் போனிலேயே வருகிறது என்கிறாய், அதையும் பார்ப்போம். முதலில் இதைப் படித்துக் காட்டு. மாமா படித்தாரே, அந்த மாதிரி உரக்கப் படி. நடுவில் நான் நிறுத்தினால் கோபித்துக்கொள்ளாதே.