அடுத்த வருஷத்து மீன்

எண்ணூர் முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம், ஆற்றை ஒட்டி இருந்தது எங்கள் குப்பம். கரண்டு கம்பெனியின் புகைபோக்கிகள் முளைப்பதற்கு வெகுகாலம் முன்பே நாங்கள் அங்கே இருந்தோம் என்பதற்குப் பட்டாவோ கல்வெட்டோ கிடையாது. பாடுதான் உண்டு. பாடு என்றால் முறை. ஆற்றில் மீன் நன்றாக விழும் இடம் இன்றைக்கு இந்த வீட்டுக்கு, நாளைக்கு அந்த வீட்டுக்கு என்று பாட்டன் காலத்தில் வகுத்து வைத்தது. யாருடைய பாடோ அவர் வலையை இறக்கும்வரை மற்றவர் அந்தத் தண்ணீரில் கைகூட நனைக்கக் கூடாது. குப்பம் இரண்டாகி வெட்டுக்குத்து நடந்த வருஷத்தில்கூட இதை மட்டும் யாரும் மீறவில்லையாம்.

குப்பத்துக்குக் கேபிள் டிவி வந்த வருஷம், ஆறு எங்களுக்கு ஒன்றும் தரவில்லை. காலை வைத்தால் சேற்றுக்குப் பதில் சாம்பல்தான் மிதிபட்டது. மார்கழியிலும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கம்பெனிக்காரர்கள் எங்களுக்காக வெந்நீர் போட்டுத் தருகிறார்கள் என்று பிள்ளைகள் நாங்கள் சந்தோஷமாகக் குளித்தோம்.

“நம்ம பாடு வர்றப்பவும் ஒண்ணும் வுழலன்னா நானும் கரி அள்ளத்தான் போவணும்” என்று நைனா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. என் சிநேகிதியின் அப்பா கம்பெனிக்குக் கரி அள்ளப் போனவர். அவர் காறித் துப்பினால் கறுப்பாக விழும். நைனாவும் அப்படித் துப்பக் கூடாது. அம்மன் கோயிலுக்கு ஓடிப்போய், எங்கள் பாடு வரும் நாளில் ஆறு நிறைய மீன் வேண்டும் என்று கேட்டேன். அளவாகக் கேட்கிற வயதில்லை.

எங்கள் பாடு வந்த அன்று விடிந்தபோது ஆறு நிறைய மீன். மடவை, கெளுத்தி, இறால் எல்லாம் மேலே வந்து மல்லாந்து மிதந்தன. கரை முழுக்கக் கூடையும் குண்டானுமாகச் சனம் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. நைனா முதலில் வலை போட வேண்டும்.

நைனா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். வலை தோளிலேயே இருந்தது.

“இன்னாண்ணே பாத்துகினு கீற? எறக்கு வலய!” என்று சித்தப்பா கரையிலிருந்து கத்தினார்.

நைனா இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினார். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள் உள்ளங்கையில் வாயைப் பிளந்து கிடந்தன. “குஞ்சும் மெதக்குதுடா. அடுத்த வருசத்து மீனும் இதுலயே கீது” என்றார்.

எனக்குப் புல்லரித்துப் போனது. இந்த வருஷத்துக்குக் கேட்டால் அம்மன் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டாளே!

“அம்மனே வாரிக் குட்த்துகீது, நீ இன்னாத்துக்குய்யா யோசிக்கிற? ஊரே காத்துகினு கீது” என்றாள் அம்மா. நைனா அவளைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். பிறகு, யாருக்கோ கடைசிக் காரியம் செய்வதுபோல மெதுவாக வலையை இறக்கினார். அவ்வளவுதான், குப்பமே ஆற்றில் விழுந்தது.

அன்று எல்லா வீட்டிலும் மீன் வறுக்கிற வாசனை. சித்தப்பா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். நைனா வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு, வலையை அலசி, காய வைக்காமல் ஈரத்தோடு சுருட்டிப் பரண்மேல் போட்டார். ஈர வலை மக்கிப் போகும் என்று எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அவர் கரி அள்ளப் போனார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவு கொடுத்த தெய்வத்தை இப்படியா அவமானப்படுத்துவது? அன்று சாயங்காலம் அம்மன் முன்னால் ஒரு சூடம் ஏற்றி, நைனாவுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வருஷமும் இதே மாதிரி கொடு என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.