இருபத்தைந்து வைக்கச் சொன்ன கார்

1

ஆலங்குடியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஏர் செக் வேலைக்குச் சேர்ந்து எனக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. சித்திரை வெயில். காலை ஒன்பது மணிக்கே தார் ரோட்டைப் பார்க்க முடியவில்லை. ஏழு பேர் உட்காரும் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. உள்ளே ஆள் நிறைந்திருந்தது, மேலே கேரியரில் பெட்டிகள். ஓட்டி வந்தவர் தன் தம்பியை துபாய்க்கு அனுப்ப, குடும்பத்தோடு திருச்சி ஏர்போர்ட் போய்க்கொண்டிருந்தார்.

"நாலு டயருக்கும் இருபத்தஞ்சு வைம்மா" என்றார்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவென்றால் எவ்வளவு காற்று, ஃபுல் லோடு என்றால் எவ்வளவு என்று கார் கம்பெனியே அதில் போட்டிருக்கும். முதல் வாரமே எனக்குச் சொல்லித்தந்தது அதைத்தான். அந்தக் காருக்கு ஃபுல் லோடில் முப்பத்தாறு.

"சார், ஸ்டிக்கர்ல முப்பத்தாறு போட்டிருக்குங்க."

"அடிக்கிற வெயிலுக்கு காத்து விரிஞ்சு டயரு வெடிச்சிரும். பதினஞ்சு வருசமா ஓட்டுறேன், எனக்கே பாடம் எடுக்குறியா? மேனேஜரக் கூப்புடவா?"

கஸ்டமரை எதிர்த்துப் பேசியதற்காக முந்தின வாரம்தான் மேனேஜரிடம் திட்டு வாங்கியிருந்தேன். வாயை மூடிக்கொண்டு, இருந்த காற்றையும் இறக்கி இருபத்தைந்து வைத்தேன். அவர் மனைவி மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, "திருக்கோகர்ணத்துல சாமி கும்புட்டுட்டு அப்புடியே போயிருவோம்" என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேகத்தடையில் கார் ஏறி இறங்கியபோது பின் டயர் இரண்டும் பிதுங்கின.

2

காற்று குறைந்தால் டயர் மடங்கி மடங்கிச் சுற்றும். அதில்தான் சூடு ஏறும். லோடும் வேகமும் சேர்ந்தால் வெடிக்கும். இது தெரிந்தேதான் வைத்தேன். அடுத்த காருக்குக் காற்றடிக்கும்போது வால்வு மூடியைக் கீழே போட்டுவிட்டேன். மேனேஜரிடம் ஓடினேன்.

"அவரு கேட்டாரு, நீ வச்ச. நம்ம மேல என்ன தப்பு?"

"கைக்கொழந்த இருக்கு சார்."

காற்று அளக்கும் கேஜைப் பையில் போட்டுக்கொண்டு என் ஸ்கூட்டியை எடுத்தேன்.

புதுக்கோட்டை ரோட்டில் எங்கே நாலு பேர் கூடி நின்றாலும் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்தேன். ஒரு வளைவில், பள்ளத்தை ஒட்டி வெள்ளைக் கார் ஒன்று கோணலாக நின்றது. மாதாவே என்று கத்திவிட்டேன். கிட்டப் போனால் வேறு கார். இளநீர் குடிக்க நிறுத்தியிருந்தார்கள். மறுபடி ஸ்கூட்டியை முடுக்கினேன்.

3

திருக்கோகர்ணம் கோயில் தெருவில் அந்தக் கார் நின்றது. பின் டயரின் பக்கவாட்டில் கை வைத்தேன். சுட்டது. அவர்கள் வெளியே வரும்வரை காரை விட்டு நகரவில்லை.

"நீயா? இங்கிட்டு எங்க வந்த?" என்றார் அவர்.

"டயரத் தொட்டுப் பாருங்க சார்."

முறைத்துக்கொண்டே குனிந்து தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்தார். பக்கத்திலிருந்த பஞ்சர் கடைக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு போனோம். கடைக்காரர் இடது பின் சக்கரத்தைக் கழற்றி உட்பக்கம் தடவினார். எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம்.

"ஏற்கனவே அடி வாங்குன டயருங்க. இதோட திருச்சி ரோட்டுல நூறுல போயிருந்தா..." என்றவர், குழந்தையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஸ்டெப்னியை மாட்டி, மற்ற டயர்களின் சூடு ஆறும்வரை காத்திருந்து, நாலுக்கும் நானே முப்பத்தாறு வைத்தேன். குழந்தையை வைத்திருந்த அந்த அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒனக்குத்தான் தெரிஞ்சிருக்கே. அங்கேயே ஏன்மா அழுத்திச் சொல்லல?"

"பயமா இருந்துச்சுக்கா."

"யாருக்குப் பயந்த?"

நான் அவர் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

அக்கா என் நம்பரை வாங்கிக்கொண்டார். கொழுந்தன் ஏர்போர்ட் உள்ளே போய்விட்டான் என்று மதியம் போன் வரும்வரை நான் போனைக் கீழே வைக்கவில்லை.

இன்று அதே பங்க்கில் நான் சூப்பர்வைசர். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்டிக்கரில் இருப்பதற்குக் குறைவாக யார் கேட்டாலும் வைக்காதீர்கள். கஸ்டமர் கத்தினால் என்னைக் கூப்பிடுங்கள். திட்டு வாங்கிக்கொள்ள நான் இருக்கிறேன்.