ஈரத்துணியால் வந்த பளபளப்பு

மூன்று கிளேசிங் மிஷின், தகரக் கூரை போட்ட ஷெட், பின்னால் போர்வெல், இரண்டு பெண்களின் காலேஜ் படிப்பு. நாலாம் வகுப்போடு நின்றவன் ஆம்பூரில் உண்டாக்கியது இவ்வளவும். முதல் மிஷினைப் பழைய இரும்புக் கடை மோட்டாரை வைத்து நானே கட்டினேன். "ஓடவே ஓடாது" என்றவர்கள்தான் பிறகு என் வாசலில் தோல் கட்டோடு நின்றார்கள்.

தோலின் பளபளப்பை என்னைப்போலப் பார்க்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. தோலை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடிக்க வேண்டும். மேல்பக்கம் வழவழப்பாக இருந்தால் லைட் அதில் நேர்க்கோடாகத் தெரியும். பொடிப்பொடியாக மேடுபள்ளம் இருந்தால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறி, வெளுத்த புகை மாதிரி நிற்கும். அந்த மேடுபள்ளத்தை அமுக்கத்தான் கிளேசிங் மிஷினில் கண்ணாடி உருளை தோலை அழுத்தித் தேய்க்கிறது.

சொந்தத் தொழிலுக்கு முன்னால் ஒரு தோல் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். மிஷின் ஓட்டியவன் என் தோஸ்த், காவேரிப்பாக்கத்துக்காரன். ஒரு நாள் தோலைப் பார்த்து வாங்க ஷூ கம்பெனியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. மழைக்காலம். பூச்சு சரியாகக் காயாமல் ஒரு கட்டுத் தோல் மங்கிக் கிடந்தது. அவன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஈரத்துணியால் மேலாகத் துடைத்துவிட்டேன். தண்ணீர் பள்ளங்களை நிரப்பியதும் லைட் அதில் சுத்தமான கோடாக விழுந்தது.

திரும்பி வந்தவன் வாயைப் பிளந்தான். "இன்னா மச்சான், காத்தில்லாத நேரத்துல எங்க ஊரு ஏரி மாதிரி கெடக்குது!"

"எல்லாம் உன் கை ராசிடா" என்றேன்.

வந்தவர் பார்த்தார், தலையாட்டினார். கட்டு போனது. காய்ந்த பிறகு, ஈரம் பட்ட பூச்சு திட்டுத்திட்டாக எழும்பி, அத்தனையும் திரும்பி வந்தது.

முதலாளி ஒரு தோலை விரித்துப் போட்டு, "யாருய்யா மிஷின் ஓட்னது?" என்றார்.

"நான்தாங்க" என்றான் அவன்.

பக்கத்திலேயே நின்றேன். மறு மாதம் எனக்கு சூப்பர்வைசர் வேலை என்று பேச்சு. வாயைத் திறக்கவில்லை.

அவனை அனுப்பிவிட்டார்கள். அவன் கை பட்டால் பளபளப்பு நிற்காது என்ற பேச்சு பேர்ணாம்பட்டு வரை போனது. எந்தக் கம்பெனியும் அவனை மிஷினைத் தொட விடவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் பச்சைத் தோல் இழுத்தே காலத்தை ஓட்டினான். நான் ஷெட் போட்டபோது அவனை மிஷின் ஓட்டக் கூப்பிட்டேன். "வேணாம் மச்சான், உன் தோலும் கெட்டுப்போவும்" என்று சிரித்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

போன மாதம் இறந்துவிட்டான். துக்கம் கேட்கப் போனேன். "அன்னிக்கு இன்னா தப்பு பண்ணேன்னு கடைசி வரைக்கும் கேட்டுனே இருந்தாருண்ணா" என்றார் அவன் மனைவி. "கைய விரிச்சி விரிச்சிப் பாப்பாரு."

அங்கேயே உண்மையைச் சொன்னேன். அந்தம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இத அவருகிட்ட சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?"

வெளியே பந்தலில் பழைய ஆட்கள் இரண்டு பேர், நல்ல மனுஷன், கைதான் சரியில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமும் சொன்னேன்.

"உடு பெருசு, செத்தவனுக்காகப் பழிய உம்மேல போட்டுக்கிறியா?" என்று தோளைத் தட்டினார்கள்.

வாயால் சொன்னால் நம்புகிறவர்கள் இல்லை. அதனால் எழுதிக் கேட்கிறேன். அவன் மிஷின் ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை. துடைத்தவன் நான். அந்தக் கட்டைப் பற்றி இனி யார் பேசினாலும், என் பங்கை என் பேரில் சொல்ல வேண்டும்.