கழுத்தில் போட்ட ஊதாச் சிலுவை

அம்மாவுக்குக் கழுத்தில் புற்றுநோய். கொழும்பில் கதிர்ச் சிகிச்சை நடந்த அந்தத் தவக்காலம் முழுக்க நான்தான் துணைக்கு நின்றனான். கதிர் விழவேண்டிய இடத்தில் டாக்குத்தர் ஊதா மையால் சிலுவை மாதிரிக் கோடு போட்டிருந்தார். தண்ணீர் பட்டு அது அழியக்கூடாது. பூசையில் சுவாமியார் தீர்த்தம் தெளிக்க வந்தால்கூட அம்மா முக்காட்டை இழுத்துக் கழுத்தை மூடிப்போடுவா.

பெரிய சனியன்று விடிய திருகோணமலையில் ரயிலால் இறங்கினோம். காத்து நின்ற அப்பாவிடம் அம்மா சொன்ன முதல் கதை: "எல்லாம் முடிஞ்சுது! இனிக் கழுவலாமாம்!"

வீட்டுக்கு வந்ததும் வராததுமாய்க் கிணற்றடியில் ஒரே அமளி. துறைமுகத்தில் வேலை செய்யும் அப்பா வாளியை ஒருத்தருக்கும் விடவில்லை. அவர் அள்ளி அள்ளி ஊத்த, நானும் அக்காவும் கத்திக் கும்மாளம் போட்டோம்.

"போதும், இஞ்சேருங்கோ! நானென்ன கப்பலே, இப்பிடிக் கழுவுறியள்?"

அம்மாவின் ஏச்சைக் கேட்டு எவ்வளவு காலம்! அந்தச் சந்தோசத்தில் அப்பா இன்னொரு வாளி ஊத்தினார்.

அடுத்தநாள் உயிர்த்த ஞாயிறு. கோயிலில் சுவாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு நாங்கள் இருந்த வாங்கடிக்கு வந்தார். அம்மா முக்காட்டைத் தோளுக்கு இறக்கிவிட்டு, ஒரு துளியும் தவறக்கூடாதென்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றா.