வேம்பு அணைத்து வைத்த லேயர்

எங்கள் ஆழ்வார்பேட்டை அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், வேம்புவுக்குத் தெரிந்த தமிழே 'சரி சார்' மட்டும்தான் என்று நினைப்பார்கள். கட்டட வரைபடம் போடுகிறவர். மயிலாப்பூர்க்காரர். எங்கள் ஆர்க்கிடெக்ட் சந்திரமௌலி எது சொன்னாலும் சரி சார். சமையலறைக்குள் குளியலறையை வை என்றாலும் சரி சார். பக்கத்து மேசையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாக வரும்.

உண்மையில் ஒரு காலத்தில் அந்த மனுஷனுக்கு வாய் காது வரை நீண்டிருந்தது. முதல் வேலையில், வீடு கட்ட வந்த வக்கீலிடம், "இந்த ஹால்ல நாலு பேர் உக்காந்தா நீங்க வாசல்ல நின்னுண்டுதான் பேசணும்" என்று சொல்லிவிட்டார். வேலை போயிற்று. இரண்டாவது வேலையும் அதே வாயால்தான் போனது. அப்புறம் மனைவி சாருலதா அவரைக் கேசவப் பெருமாள் கோயில் வாசலில் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். ஆபீஸ் விஷயத்தில் இனி 'சரி'யைத் தவிர வேறெதுவும் வாயிலிருந்து வரக் கூடாது. இந்த வேலையும் போனால் குடித்தனம் நடக்காது.

வாய்க்குத்தானே சத்தியம்? கைக்கு இல்லையே.

கம்ப்யூட்டரில் வரையும்போது சுவர் ஒரு லேயர், கதவு ஒரு லேயர், எழுத்து ஒரு லேயர் என்று கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுபோல் போடுவோம். வேண்டாத லேயரை அணைத்துவிட்டால் திரையிலும் தெரியாது, அச்சிலும் வராது. வேம்பு தனக்கென்று ஒரு லேயர் வைத்திருந்தார். வயிற்றெரிச்சலையெல்லாம் அதில் எழுதிக் கொட்டி, அணைத்துவிட்டு, நிம்மதியாகக் காபி குடிக்கப் போவார். ஒருநாள் எனக்கு மட்டும் காட்டினார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

தொண்ணூற்றைந்தில் தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு நாங்கள் வரைந்தோம். உரிமையாளர் சுந்தரவல்லி அம்மாள் திருநெல்வேலிப் பக்கம். "படியிலயா யாவாரம் நடக்கு? அதைச் சுருக்கிட்டு ரெண்டு அலமாரி போடும்" என்றார். வேம்பு 'சரிம்மா' என்று படியை ஏணி மாதிரி ஆக்கினார். பிள்ளையார் மாடத்தை மூலைக்கு மூலை மாற்றச் சொன்னபோதும் சரிம்மா.

கடை கட்டி முடிந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் பெயர்ப்பலகை எழுத வேண்டும். பெயர்களெல்லாம் வரைபடத்தில் இருந்தன. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து இல்லாததால் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தோம். கடைக் கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறக்கும் மென்பொருள் கிடையாது. அம்மாளின் மகள் கீர்த்தி இன்ஜினியரிங் படிக்கிற பெண், சும்மா இருப்பாளா? நாங்கள் கொடுத்திருந்த ஃபைலை அப்படியே திறந்தால் வெறும் கிறுக்கல் குப்பை. அந்தக் குப்பையில் எழுத்துகள் தொடர்ந்து வரும் இடங்களை மட்டும் பொறுக்கி எடுக்க ஒரு புரோகிராம் எழுதினாள். அருமையான புரோகிராம். எரியும் லேயர் எது, அணைந்த லேயர் எது என்று மட்டும் அதற்குத் தெரியாது. வந்ததை அச்சடித்து, படித்தும் பார்க்காமல், பலகை எழுதும் ஷரீஃபிடம் கொடுத்துவிட்டுப் பரீட்சைக்குப் போய்விட்டாள்.

ஷரீஃபுக்கு ஒரு கொள்கை உண்டு. "தாள்ல இன்னா கீதோ அதான் பலகைல. ஒருக்கா தப்பைத் திருத்தப் போய் நல்லா வாங்கிக் கட்டிக்கினேன், நைனா." எல்லாவற்றையும் அழகான தமிழில், பூ வேலையோடு எழுதி, வாசகத்துக்கு ஏற்ற இடம் பார்த்து மாட்டியும் விட்டார்.

திறப்பு விழாவுக்கு முன்னால் அம்மாள் எங்கள் மூவரையும் வரச் சொன்னார். வாசலிலேயே 'பட்டுப் பிரிவு' என்ற பலகை. நல்லது. பக்கத்தில் மாடத்தின் மேல், 'பிள்ளையாரே, இன்னிக்கு எந்த மூலை?' முதலாளி அறைக் கதவில், 'ஜன்னல் வேண்டாமாம், அம்மாவுக்குக் காற்று ஆகாதாம்.'

"யாரு பார்த்த வேலை இது?" என்றார் அம்மாள். நான் தரையைப் பார்த்தேன். வேம்பு கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

சந்திரமௌலியின் முகம் கறுத்துவிட்டது. "வேம்பு, நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

"சரி சார்" என்றார் வேம்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மாடியில என்னல்லாம் எழுதியிருக்குன்னு பாத்துட்டு வாரேன்" என்று அம்மாள் கோபமாகப் படியேறினார். நாங்களும் பின்னாலேயே போனோம். பாதியில் அவர் வேகம் குறைந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு, "யாராவது... கொஞ்சம் தண்ணி..." என்றார்.

நேரெதிரே சுவரில் ஒரு பலகை: 'இந்தப் படியேறி வருகிறவர்கள் புடவை கேட்க மாட்டார்கள், தண்ணீர்தான் கேட்பார்கள்.'

அம்மாள் படித்தார். மறுபடி படித்தார். பிறகு அந்த மூச்சிரைப்போடு சிரிக்க ஆரம்பித்து, படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மத்ததைக் கழட்டுங்க. இது இருக்கட்டும். இதுக்குக் கீழ ஒரு தண்ணிப் பானை வைக்கணும்" என்றார். சந்திரமௌலியிடம், "இவரை அனுப்பாதேயும். கே.கே. நகர் கடையையும் இவரே வரையட்டும்" என்றவர், வேம்புவைப் பார்த்து, "ஏன் சாமி, இதை முன்னாடியே வாயால சொன்னா என்ன?" என்று கேட்டார்.

"ஆத்துக்காரிகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேம்மா."

"சத்தியத்தைக் கெடுக்க வேண்டாம். எழுதியே வையும். எம்மவ எடுத்துப் படிச்சிக்கிடுவா."

அப்படித்தான் நடந்தது. கே.கே. நகர் வரைபடம் போனதும் கீர்த்தி புரோகிராமை ஓட்டுவாள். அம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டுச் சுவரை மாற்றச் சொல்லுவார். சந்திரமௌலிக்கே அந்தப் புரோகிராமின் மேல் ஆசை வந்துவிட்டது. ஒருநாள் கீர்த்தியை அலுவலகத்துக்கு அழைத்து, பீரோவிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்துக் கொடுத்தார்.

"இதுல ஓட்டிக் காட்டும்மா. கோட்டூர்புரத்துல நான் கட்டிண்ட வீடு. வேம்பு வரைஞ்சதுதான்."

பக்கத்து மேசையில் நாற்காலி சாய்ந்து விழுந்தது.

"வேண்டாம் சார்!" என்றார் வேம்பு.

கீர்த்தி அதற்குள் ஃப்ளாப்பியை உள்ளே தள்ளியிருந்தாள்.